கைப்பிடிக்கு மூன்று மார்க்

அந்த மனிதர் எதையாவது பார்த்து ‘நல்லா இருக்கு’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஆறு வருடம் பழகினேன். ஒரு முறைகூட இல்லை.

சிதம்பரத்தில் எங்கள் ராலி முடிகிற நாளில் ஒரு கல்யாண மண்டபத்தில் சாப்பாடு. சம்பா சாதம், கத்தரிக்காய் கொத்சு. இலையில் கொத்சு விழுந்ததும் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைப்பார். “புளி ஜாஸ்தி” என்பார். பரிமாறுகிறவன் முகம் சுண்டிப்போகும். பிறகு அதையே மூன்று முறை கேட்டு வாங்கி, இலையை வழித்துச் சாப்பிட்டு எழுந்திருப்பார். புளி ஜாஸ்தி என்றால் ஏன்யா இப்படித் தின்கிறாய் என்று எனக்கு வாய்வரை வரும். கேட்டதில்லை. முதல் வருடமே கேட்டிருந்தால் என் அம்மா சேற்றில் விழுந்திருக்க மாட்டாள்.

எங்கள் சங்கம் பழைய கார் வைத்திருப்பவர்களின் சங்கம். கடலூர், பண்ருட்டி, சிதம்பரம் மூன்று ஊருக்கும் சேர்த்துப் பதினாறு கார். மாதத்தில் ஒரு ஞாயிறு தலைவருடைய முந்திரிக் கிடங்கின் மாடியில் கூடுவோம். போண்டா, காபி, யாருக்கு எந்த ஊரில் என்ன சாமான் கிடைத்தது என்ற பேச்சு. பொங்கல் கழித்து இரண்டாவது ஞாயிறு ராலி. தேவனாம்பட்டினம் கடற்கரையில் யாராவது ஒரு பெரிய மனிதர் தாமதமாக வந்து கொடியசைப்பார். ஆலப்பாக்கத்தில் இளநீர், புதுச்சத்திரத்தில் டீ, பு.முட்லூர் வழியாகச் சிதம்பரம். பொண்டாட்டி பிள்ளைகளோடு, ஒரே நிறத்தில் பனியன் போட்டுக்கொண்டு, ஒரு மணி நேரத்து ரோட்டை மூன்று மணி நேரம் ஓட்டுவோம்.

ராலி என்றதும் பந்தயம் என்று நினைக்க வேண்டாம். ரோட்டில் பந்தயம் கிடையாது. மண்டபத்து வாசலில் வண்டிகளை வரிசையாக நிறுத்திய பிறகுதான் அது ஆரம்பிக்கும். கம்பெனியிலிருந்து வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறதா என்று ஒவ்வொரு வண்டியையும் பார்த்து நூற்றுக்கு மார்க் போடுவார்கள். தொண்ணூற்றைந்து எடுத்தால் சங்கம் ஒரு பித்தளை வில்லை தரும். வண்டியின் முன்கிரில்லில் திருகி வைத்துக்கொள்ளலாம். மார்க் இறங்கினால் வில்லையைத் திருப்பித் தந்துவிட வேண்டும். வருடம் முழுக்க எங்கள் பேச்சு அந்த வில்லையைப் பற்றித்தான். வயதான ஆண்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைப்போல ஒரு மார்க்குக்காக முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிவோம்.

மார்க் போடுகிறவர் அவர்தான். சர்வேயர் என்று கூப்பிடுவோம். நிலம் அளக்கிற சர்வேயர் இல்லை. மோதி நொறுங்கிய வண்டிகளைப் பார்த்து, எது உடைந்திருக்கிறது என்று இன்சூரன்ஸுக்கு எழுதிக் கொடுத்து ரிடையரானவர். இப்போது சங்கமும் கலைந்துவிட்டது, அவரும் சிதம்பரத்தில் இல்லை. மகன் எந்த ஊருக்கோ கூட்டிப்போய்விட்டான் என்றார்கள்.

ஒல்லி உடம்பு. முழுக்கை வெள்ளைச் சட்டை, மணிக்கட்டுப் பொத்தான் வரைக்கும் போட்டிருப்பார். அந்தச் சட்டையோடு வண்டிக்கு அடியில் படுப்பார். அதற்காக முந்தின நாள் பேப்பரைப் பையில் வைத்திருப்பார். விரிப்பார், படுப்பார், பார்ப்பார், எழுந்து பேப்பரை மடித்துப் பையில் வைப்பார். சட்டையில் ஒரு பொட்டு கிரீஸ் இருக்காது. கையில் ஒரு நீளக் கம்பி, அதன் நுனியில் உள்ளங்கை அகலக் கண்ணாடி. கண் போகாத இடத்துக்கு அதை விட்டுப் பார்ப்பார். மட்கார்டை விரல் முட்டியால் தட்டிக் காதைக் கொடுப்பார். தகரத்தின் சத்தம் ஒரு மாதிரி, ஒடுக்கைப் பட்டிப் பசை வைத்து அடைத்த இடத்தின் சத்தம் வேறு மாதிரி. கார்பன் வைத்து மூன்று பிரதி எழுதுவார். வண்டிக்காரருக்கு ஒன்று, சங்கத்துக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. யார் சண்டைக்குப் போனாலும் ஒரே பதில்தான்.

“நான் கண்டத எழுதுனேன்.”

என் வண்டி, அப்பா டாக்ஸி ஓட்டிய அம்பாசிடர். திருப்பாதிரிப்புலியூர் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் இருபத்தெட்டு வருடம் நின்ற வண்டி. வயிற்றுப்பாட்டுக்கு ஓடின வண்டியில் கம்பெனி கொடுத்தது மட்டுமா இருக்கும்? பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் ஏற்றிவர மேலே ஒரு கேரியர். லாரிக்காரன் வழிவிட இரட்டைக் குழல் ஹாரன். சிவப்பு ரெக்சின் சீட். அப்புறம் அந்தக் கைப்பிடி.

அம்மா திருவந்திபுரம் மலைப்படியில் வழுக்கி விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டாள். ஆபரேஷன் செய்தும் கால் பாதிதான் மடங்கியது. அப்பா பஸ் பாடி கட்டுகிற பட்டறைக்குப் போனார். பஸ் வாசலில் ஏறுகிறவர்கள் பிடித்துக்கொள்கிற கம்பியில் ஒரு முழம் வாங்கிவந்தார். பின்சீட்டுக்கு ஏறுகிற இடது பக்கம், முன்சீட்டுக்குப் பின்னால் இருக்கிற தூணில் போல்ட் போட்டு முறுக்கினார். அம்மா இடது கையால் அதைப் பிடிப்பாள். ஒரு எக்கு. உள்ளே போய்விடுவாள். அப்பா போன பிறகும் அந்தக் கம்பி இருந்தது, அம்மா ஏறிக்கொண்டிருந்தாள்.

அப்பா இறந்த அடுத்த வருடம், 2006இல், நான் சங்கத்தில் சேர்ந்தேன். முதல் ராலியில் அம்மா பின்சீட்டில் உட்கார்ந்து வழியெல்லாம் ரோட்டோரத்துப் பிள்ளைகளுக்குக் கையாட்டிக்கொண்டு வந்தாள். மண்டபத்து வாசலில் சர்வேயர் என் வண்டியைச் சுற்றி முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். கடைசியாகப் பின்கதவைத் திறந்தார்.

“இது யாரு வச்சது?”

“எங்கப்பா, சார்.”

“கம்பெனியுது இல்ல.”

“எங்கம்மாவுக்கு முட்டி சரியில்ல சார். ஏறுறதுக்காக வச்சது.”

“ம்.” கம்பியை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். “ஒரு போல்ட்டுல வாஷர் இல்ல.”

எழுதினார். ‘பின் இடது கைப்பிடி. கம்பெனியுடையது அல்ல. குறைவு 3.’ கேரியருக்கு ஒன்பது போனது. ஹாரனுக்கு ஆறு. சீட்டுக்கு ஆறு. இன்னும் ஐந்து எதெதற்கோ. மொத்தம் எழுபத்தொன்று. தலைவர் தொண்ணூற்றாறு வாங்கிய தன் பழைய பியட் மேல் சாய்ந்துகொண்டு எல்லோர் காதிலும் விழச் சொன்னார்: “என்னா மச்சான், பாஸ் பண்ணிட்ட போலருக்கு!” சிரித்தார்கள். எனக்குக் காது சூடானது. சிரித்தவர்கள்மேல் வரவேண்டிய கோபம், ஏனோ தெரியவில்லை, அந்த வெள்ளைச் சட்டைமேல் போய் உட்கார்ந்தது.

அந்த வருடமே தலைவர் புது வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தார். சங்கமே போனது. எல்லோரும் கிரானைட்டைப் புகழ்ந்தோம், மாடிப்படியைப் புகழ்ந்தோம். சர்வேயர் மொட்டை மாடிவரை ஒரு சுற்றுப் போய்வந்து, கையில் டம்ளரோடு சொன்னார்.

“வடக்கு செவுரு ரெண்டு இஞ்சு வெளிய சாயுது.”

தலைவர் முகத்தில் ரத்தம் இல்லை. ஒரு மாதம் தூங்காமல் கிடந்து, கடைசியில் அந்தச் சுவரை இடித்து மறுபடி கட்டினார். மாதக் கூட்டத்தில் அதை அவரே சொன்னபோது சர்வேயர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

“ஏன் இடிச்சீங்க? நாப்பது வருஷம் நிக்குமே அது.”

“நீங்கதான சார் சாயுதுன்னீங்க!”

“சாயுதுன்னேன். இடின்னா சொன்னேன்?”

தலைவர் வாயில் போண்டா அப்படியே நின்றது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். என்ன ஆள் இந்தத் தலைவர், ஒரு வார்த்தைக்குச் சுவரை இடிப்பானா ஒருத்தன் என்று வீட்டில் போய்ச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். சிரிக்க எனக்கு என்ன தகுதி இருந்தது? அந்த வாரம்தான் வண்டிமேலிருந்த கேரியரைக் கழற்றியிருந்தேன்.

ஆமாம், கழற்ற ஆரம்பித்துவிட்டேன். கேரியர் போனதும் எண்பது. அடுத்த வருடம் ஹாரனைக் கழற்றினேன், எண்பத்தாறு. கம்பெனி ஹாரன் ஆட்டுக்குட்டி மாதிரி கத்தியது. ஆலப்பாக்கத்தில் ஒரு எருமைகூட நகரவில்லை. அதற்கடுத்த வருடம் சிவப்பு ரெக்சினைக் கிழித்துவிட்டு, எங்கெங்கோ விசாரித்துப் பழைய சாம்பல் நிறத் துணி வாங்கித் தைத்துப் போட்டேன். தொண்ணூற்றிரண்டு. சில்லறைக் குறைகள் ஐந்தை என்ன செய்தும் அவர் விடவில்லை. மிச்சம் கையில் இருந்தது கைப்பிடி ஒன்றுதான். அதற்கு மூன்று. கூட்டினால் சரியாகத் தொண்ணூற்றைந்து.

அவருடைய வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாம்பல் நிற மோரிஸ் மைனர். அதற்கும் அவரே படுத்து, தட்டி, கண்ணாடி விட்டுப் பார்த்து மார்க் போடுவார். வருடா வருடம் தொண்ணூற்றிரண்டு. எங்களுக்கு வில்லை கொடுக்கிறவர் வண்டியில் வில்லை கிடையாது. காரணம் முன் கண்ணாடியைத் துடைக்கிற வைப்பர். அது வேறு ஏதோ வண்டியுடையது. ‘வைப்பர், மோட்டார். கம்பெனியுடையது அல்ல. குறைவு 5.’ தன் கையெழுத்தில் தனக்கே எழுதிக்கொள்வார். மாற்ற மாட்டார்.

ஏன் மாற்றவில்லை என்பதற்குச் சங்கத்தில் ஒரு கதை உலாவியது. தலைவர்தான் கண்ணில் தண்ணீரோடு எனக்குச் சொன்னார். சர்வேயருக்கு ஒரு தம்பி, வேன் ஓட்டினவன். மழையில் மரத்தில் மோதிச் செத்துப்போனான். நொறுங்கிய அந்த வேனைப் பார்த்து அறிக்கை எழுத வேண்டியவர் அண்ணனே. எழுதினார். எழுதி முடித்து அதன் வைப்பரை மட்டும் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். “அந்த ஆளுக்குள்ள எவ்ளோ இருக்கு பாத்தியா மச்சான்” என்றார் தலைவர். நானும் நம்பினேன். மழைக்காலத்தில் அந்த வைப்பர் இப்படியும் அப்படியும் ஆடுவதைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அதே சமயம் கோபமும் வரும். உன் தம்பிக்கு ஒரு நியாயம், என் அம்மாவுக்கு ஒரு நியாயமா?

இவ்வளவு யோசித்தவன் கடைசியில் என்ன செய்தேன்? 2010 பொங்கலன்று கைப்பிடியைக் கழற்றினேன். போல்ட் ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்து, தேய்த்து, பெயிண்ட் அடித்தேன். என்னுடையது பெயிண்ட் கடை. நிறம் சேர்க்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கம்பியைக் காயலான் கடைக்காரனிடம் தூக்கிப் போட்டேன். அம்மா வாசலில் நின்று பார்த்தாள்.

“கைப்பிடிய என்னாடா பண்ண?”

“கழட்டிட்டேம்மா. கம்பெனியுது இல்ல.”

“நானுந்தாண்டா கம்பெனியிலேருந்து வரல.”

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் தாங்கி ஏற்றிவிடுகிறேன் என்று பின்னாலேயே போனேன். “என்ன மூட்ட மாதிரி தூக்கி வைப்பியா? வேணாம்” என்றாள். ராலிக்கு வரவில்லை. வயிறு சரியில்லை என்றாள்.

அந்த வருடம் சர்வேயர் பின்கதவைத் திறந்ததும் நின்றார். தூணை விரல் முட்டியால் தட்டினார். காது கொடுத்தார்.

“இங்க ஒண்ணு இருந்துதே.”

“கழட்டிட்டேன் சார்.” எனக்கு மார் நிமிர்ந்திருந்தது.

“ம்.” பின்சீட்டைப் பார்த்தார். “அம்மா வரலியா?”

“வயிறு சரியில்லையாம்.”

“அடைச்ச ஓட்டைக்குக் கொறைக்கறதில்ல” என்றார். பிறகு தொண்ணூற்றைந்து என்று எழுதிக் கையில் கொடுத்தார். தலைவர் மைக்கில் என் பெயரைச் சொன்னார். கைதட்டினார்கள். பித்தளை வில்லையைக் கிரில்லில் இரண்டு திருகாணி போட்டுத் திருகினேன். ஆனால் அம்மாவுக்கு அதற்குப் பிறகு அந்த வண்டி வேண்டாம். கோயிலுக்கு, கல்யாணத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, எல்லாவற்றுக்கும் ஷேர் ஆட்டோ. கேட்டால், “அதுல புடிச்சிக்கக் கம்பி இருக்குது” என்பாள். பிடிவாதம் என்று நினைத்தேன். இரண்டு வருடம் அப்படியே நினைத்துக்கொண்டு வில்லையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

2011 கடைசியில் ‘தானே’ புயல் வந்தது. எங்கள் தெருவில் ஒரு கரண்ட் போஸ்ட் நிற்கவில்லை. பண்ருட்டிப் பக்கம் தோப்பு தோப்பாகப் பலாவும் முந்திரியும் சாய்ந்துவிட்டன என்று வந்தவர்கள் சொன்னார்கள். அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில்தான் பெரியம்மா, அம்மாவின் அக்கா, தனியாக இருந்தாள். போன் இல்லை. பஸ் இல்லை. ஷேர் ஆட்டோவும் இல்லை. மூன்றாம் நாள் காலையில், விழுந்த மரங்களை வெட்டி ரோட்டைத் திறந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் அம்மா புடவை மாற்றிக்கொண்டு வந்து காருக்குப் பக்கத்தில் நின்றாள். இரண்டு வருடத்தில் முதல் தடவை.

கதவைத் திறந்தேன். அவள் இடது கை தானாகவே தூணுக்குப் போனது. நான் பட்டி வைத்து, தேய்த்து, பளபளவென்று ஆக்கி வைத்திருந்த தூண். கை வழுக்கியது. கதவைப் பிடித்தாள், கதவு ஆடியது. சீட்டைப் பிடித்தாள், துணி எழும்பி வந்தது. நான் வண்டியைச் சுற்றி வலது பக்கம் ஓடி, உள்ளேயிருந்து கை நீட்டுவதற்குள் வாசல் சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. கையிலிருந்த சேற்றைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“நீ போயிட்டு வா. எங்கக்கா உசுரோட இருக்காளான்னு மட்டும் பாத்துட்டு வா.”

போனேன். பெரியம்மா, வீட்டு ஓடெல்லாம் பறந்துபோக, சாய்ந்த பலா மரத்தின் அடியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் காருக்குள் எட்டிப் பார்த்தாள். “உங்கம்மா வரலியா?” என்றாள். என்ன சொல்வது? தொண்ணூற்றைந்து மார்க் வாங்கியிருக்கிறேன் பெரியம்மா என்று சொல்வதா?

மறுநாள் சிதம்பரம் போனேன். அந்த ஆளை நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று போனேன். மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. வாசல் வேப்பமரம் முறிந்து மோரிஸ் மைனர்மேல் விழுந்திருந்தது. கிளைகளை வெட்டி ஒதுக்கியாகிவிட்டது. அவர் முழுக்கைச் சட்டையோடு நின்று எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். ‘கூரை நசுக்கம். குறைவு 9.’ தன் வண்டிக்குத்தான்.

“வாப்பா. கடலூர்ல சேதம் ஜாஸ்தியா?”

“எங்கம்மா சேத்துல விழுந்தாங்க சார். முட்டி வீங்கிக் கெடக்குறாங்க. உங்க மூணு மார்க்கால.”

“எந்த மூணு மார்க்கு?”

“கைப்பிடி சார்! பஸ்சு கைப்பிடி! கழட்ட வச்சீங்களே!”

என் குரலுக்கு எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அவர் உள்ளே போனார். ஒரு கட்டோடு வந்தார். என் வண்டியின் பிரதிகள், முதல் வருடத்திலிருந்து வரிசையாக.

“படி.”

நான்கு வருடத்துக்கு ஒரே வரி. ‘பின் இடது கைப்பிடி. கம்பெனியுடையது அல்ல. குறைவு 3.’

“கழட்டவும்னு எங்க எழுதியிருக்கேன், காட்டு.”

தாள்களை முன்னும் பின்னும் புரட்டினேன். எங்கேயும் இல்லை.

“அப்பறம் எதுக்கு சார் மார்க்கக் கொறைச்சீங்க?”

“கம்பெனியுது இல்லியே. அதுக்கு மூணு. உங்கம்மா அதப் புடிச்சி ஏறுறாங்க. அதுக்கு இந்த ஷீட்ல கட்டம் இல்லப்பா.”

இப்படிப் பேசுகிறவனை அடிக்கவும் முடியாது. எனக்கு வேறு ஆயுதம் இல்லை. அதனால் வைப்பர் கதையை எடுத்தேன்.

“உங்களுக்கு மட்டும் வலிக்குதுல்ல? செத்துப்போன தம்பி வேன் வைப்பர மட்டும் அஞ்சு மார்க்கு போனாலும் கழட்ட மாட்டீங்கல்ல?”

“எந்தத் தம்பி?”

“உங்க தம்பி.”

“எனக்குத் தம்பியே கெடையாதேப்பா.” நிஜமாகவே யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். “ரெண்டு அக்காதான்.”

“அப்ப அந்த வைப்பரு?”

“பழைய மோட்டாரு எரிஞ்சி போச்சி. இது கடையில வாங்குனது. மழ பேஞ்சா ரோடு தெரியணுமில்ல?”

“அஞ்சு மார்க்கு போவுதே சார்.”

“போவட்டும்.”

அவ்வளவுதான் சொன்னார். தலைவரின் இடித்த சுவரும், அந்த மூன்று தடவை கொத்சும் ஒன்றாக வந்து என் மண்டையில் இறங்கின. “காபி சாப்புடறியா? டிகாஷன் தண்ணியாத்தான் இருக்கும்” என்றார். குடித்தேன். தண்ணியாகத்தான் இருந்தது.

மறுவாரம் அதே பஸ் பாடி பட்டறையைத் தேடிப் போனேன். அப்பா வாங்கின மாதிரி கம்பி இப்போது வருவதில்லை. பளபளக்கிற ஸ்டீல்தான் இருந்தது. ஒரு முழம் வாங்கி, அடைத்த ஓட்டைகளையே மறுபடி திறந்து போல்ட் போட்டேன். வாஷரை மறக்கவில்லை. அம்மாவின் முட்டி வீக்கம் வடிய ஒரு மாதம் ஆனது. முதல் வேலையாகப் பெரியம்மாவிடம் கூட்டிப்போனேன். வழியெல்லாம் சாய்ந்த மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். கையைக் கம்பியிலிருந்து எடுக்கவே இல்லை.

புயலால் அந்த வருட ராலி மார்ச் மாதத்துக்குத் தள்ளிப்போனது. அம்மா வந்தாள். மண்டபத்து வாசலில், வெயில் என்று இறங்காமல் பின்சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். சர்வேயர் வந்தார். கதவைத் திறந்தார். இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து, கால் தரையைவிட்டு எழும்பத் தொங்கினார். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இறங்கி வாஷர்களை எண்ணினார். எழுதினார். ‘குறைவு 8.’

“எட்டா? முன்ன மூணுதான சார்!”

“அது இருவது வருஷத்துக் கம்பி. வண்டியோட சேந்து பழசாச்சி. இது இந்த வருஷத்துக் கம்பி. எட்டு.”

எனக்கு மறுபடி காது சூடானது. வாயைத் திறப்பதற்குள் அம்மா தலையை நீட்டினாள்.

“என்னாங்க, என் கைப்பிடிக்கு எட்டு கொறச்சிட்டீங்களாமே?”

“ஆமாம்மா.”

“இன்னும் ரெண்டு கொறச்சிக்குங்க. அடியில தலகாணி போட்டு ஒக்காந்திருக்கேன்.”

“கொஞ்சம் எழுந்திரிக்கிறீங்களா? பாத்துக்கறேன்.”

“எழுந்திரிக்க மாட்டேன்.”

கம்பிக் கண்ணாடியை எடுத்து அம்மாவின் இடுப்புக்குப் பின்னால் விட்டுப் பார்த்தார். ‘தலையணை. குறைவு 2’ என்று எழுதினார். எண்பத்தைந்து. வில்லையைத் திருப்பித் தர வேண்டும். ஸ்க்ரூடிரைவரை அவரே நீட்டினார். கிரில்லின் முன் உட்கார்ந்து இரண்டு திருகாணியையும் கழற்றி வில்லையைக் கொடுத்தேன். வாங்கிப் பையில் போட்டவர் நகரவில்லை. வில்லை இருந்த இடத்தில் டார்ச் அடித்தார்.

“ஓட்டை ரெண்டு.”

“சார், அது உங்க வில்லைக்குப் போட்ட ஓட்டை!”

“தெரியும். கம்பெனி போட்டது இல்லியே. ஒண்ணு.”

எண்பத்து நான்கு. பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று பிரதியிலும் கையெழுத்துப் போட்டேன்.

“முடிஞ்சிதாடா?” என்றாள் அம்மா. “கொத்சு ஆறிடும்.”

“புளி ஜாஸ்தி” என்றார் சர்வேயர், கார்பனை உருவிக்கொண்டே.

“இருக்கட்டும். வாங்க சாப்புடப் போவலாம்” என்று சொல்லி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அம்மா கீழே இறங்கினாள்.